ஏரி காத்த ஒழுக்கம்: தனியொருவர் செயலும் ஊர்ப்பொது வாழ்வும்

முன்னுரை

நீரும் நிலமும் மரமும் பின்வரும் தலைமுறையினர்க்கும் எஞ்சி நிற்குமாறு பயன்கொண்டு வாழும் வாழ்க்கையை வளங்குன்றா வாழ்க்கை என இக்காலத்து அறிஞர் வழங்குவர். ஒரு சமுதாயம் முழுவதும் அத்தகைய வாழ்க்கைக்குத் திரும்புவது எவ்வாறு என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. ஒவ்வொருவரும் தத்தம் ஒழுக்கத்தைத் திருத்திக்கொண்டால் சமுதாயம் தானே திருந்தும் என்பர் ஒருசாரார். தனியொருவர் செய்வது கடலிற் கரைத்த பெருங்காயம் போன்றது. அரசும் சட்டமுமே மாற்றத்தைக் கொணர வல்லன என்பர் மற்றொருசாரார். இவ்விரு விடைகளும் தனியொருவரையும் சமுதாயத்தையும் வேறு வேறாகப் பிரித்து வைத்துக்கொண்டு எழுந்தவை. அவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி யாது என்பதே ஆராயத்தக்கது.

அக்கண்ணியைத் தேடுவார்க்குத் தமிழகத்து ஏரிகளின் வரலாறு நல்லதொரு களமாகும். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தாங்கல், ஏந்தல் எனப் பல பெயர்களால் வழங்கும் பாசன நீர்நிலைகள் ஏறத்தாழ 39,000 உள்ளன எனக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பல, பன்னூறு ஆண்டுகள் பயன்பட்டவை. மண்ணால் ஆகிய ஒரு கரை பன்னூறு ஆண்டுகள் நின்றது எனின், அதனைக் கட்டியவரை மட்டும் நினைத்தல் போதாது. ஆண்டுதோறும் அதனைக் காத்தவரையும் நினைத்தல் வேண்டும். அங்ஙனம் காத்தவர் யாவர், அவர்களைக் காக்கச் செய்தது எது, அக்காவல் பின்னர் ஏன் தளர்ந்தது என்பவற்றை இலக்கியம், கல்வெட்டு, பிற்கால வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரியும் அதன் உறுப்புகளும்

ஏரி என்பது பள்ளத்தில் தேங்கிய நீர் மட்டும் அன்று. மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால், நீரைத் தாங்கும் கரை, அலையால் கரை அரிபடாதவாறு உட்புறத்தே பதித்த கல்வரிசை, வயலுக்கு நீரை விடும் மதகும் தூம்பும், மிகுநீர் வழிந்தோடும் கலிங்கு, அந்நீர் பாயும் ஆயக்கட்டு நிலம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஏரி. ஓர் ஏரியின் கலிங்கு வழியே வழிந்த நீர் அடுத்த ஏரியின் வரத்தாக அமைதலும் உண்டு. ஆகவே, மேலூரார் கலிங்கை உயர்த்தினால் கீழூரார் வயல் காயும்; மேலூரார் கரையைக் காவாது விட்டால் கீழூரார் வீடு மூழ்கும்.

இவ்வுறுப்புகளில் ஒவ்வொன்றும் தனியொருவர் செயலால் கெடக்கூடியது. தனியொருவர் செயலால் மட்டும் காக்க இயலாதது. வரத்துக்காலை ஒருவர் தம் வயலோடு சேர்த்து உழுதுவிட்டால் ஏரி முழுவதும் வறளும். ஆனால் ஒருவர் மட்டும் கூடையெடுத்துத் தூர் அள்ளினால் ஏரி ஆழம் பெறாது. கெடுத்தற்கு ஒருவர் போதும், காத்தற்குப் பலர் வேண்டும் என்னும் இவ்வியல்பே பொதுவளம் அனைத்திற்கும் உரிய இடர்ப்பாடு. இன்று காற்றையும் ஆற்றையும் கடலையும் பற்றி எழும் கவலைகள் யாவும் இவ்விடர்ப்பாட்டின் விரிவே எனலாம்.

இலக்கியம் காட்டும் இருவர்

பழந்தமிழ் இலக்கியம் ஏரியை அமைத்தவரைப் பெரிதும் போற்றுகின்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றின் 18ஆம் பாட்டு, நிலத்தையும் நீரையும் ஒன்றுசேர்த்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்னும் கருத்தினைக் கூறி, பள்ளமான இடங்களில் நீர்நிலை பெருகச் செய்யுமாறு அரசனை வேண்டுகின்றது. கரிகாலன் குளங்களைத் தோண்டி வளம் பெருக்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறும். குளம் தோண்டுதலையும் மரம் நடுதலையும் வழி அமைத்தலையும் கிணறு எடுத்தலையும் துறக்கம் தரும் செயல்களுள் வைத்து எண்ணும் சிறுபஞ்சமூலம். திருவள்ளுவரும் ஒப்புரவு உடையவன் செல்வத்திற்கு உவமை கூறப் புகுந்தவிடத்து நீர் நிறைந்த ஊருணியையே எடுத்துக்கொண்டார்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கின், புகழ் பெறுபவர் ஏரியைத் தொட்டவரே என்பது புலப்படும். காத்தவர் எங்கே எனின், அவரும் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை; ஆனால் பாட்டின் தலைவராக அன்றி, உவமையாக நிற்கின்றார். அகநானூற்றின் 252ஆம் பாட்டில், மகளைக் காத்து இரவெல்லாம் துயிலாத தாய்க்கு, சிறிய கரையையுடைய பெருங்குளத்தைக் காப்பவன் உவமையாகின்றான். மழை பெய்யும் நள்ளிரவில், கரை எங்கேனும் உடையுமோ என்று உறங்காது காத்த ஒருவன் அக்காலத்து மக்கள் நன்கறிந்த மாந்தனாக இருந்தமையாலேயே அவன் உவமையாதற்கு உரியன் ஆயினான். பேர் சொல்லிப் பாடப்பெறாத அவனே ஏரியின் நீண்ட வாழ்விற்குக் காரணமானவன்.

காவல் நீங்கியவழி நேர்வது யாது என்பதற்கும் இலக்கியச் சான்று உண்டு. பாரி இறந்தபின் கபிலர் பாடிய புறநானூற்றின் 118ஆம் பாட்டு, எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய சிறுகுளம் ஒன்று உடைவதைக் காட்டி இரங்குகின்றது. குளத்தின் உடைவு நாட்டின் உடைவுக்கு அடையாளமாகப் புலவர்க்குத் தோன்றியது. அரசன் அமைத்ததாயினும் ஊரார் அமைத்ததாயினும், காவாத கரை நில்லாது என்னும் உண்மையை அப்பாட்டு நமக்கு உணர்த்துவதாக யாம் கொள்கின்றோம்.

கல்வெட்டு காட்டும் ஏற்பாடு

இலக்கியம் உவமையாகச் சுட்டிய காவலைக் கல்வெட்டுகள் ஏற்பாடாக விரித்துரைக்கின்றன. ஏரியைப் பேணுதற்கென ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரிக்கென வாங்கிய வரி ஏரி ஆயம் எனப்பட்டது. ஏரியில் தூர் எடுக்கும் ஓடங்களுக்காகப் பொன்னும் நெல்லும் முதலாக வைத்து, அதன் பலிசையால், அஃதாவது வட்டியால், அப்பணி ஆண்டுதோறும் நடைபெறுமாறு சிலர் அறம் வைத்தனர். அமைத்தலை மட்டுமன்றிப் பேணுதலையும் அறமாகக் கருதிய நிலை இங்கே காணப்படுகின்றது.

இவ்வேற்பாடுகளுள் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறுவது தனிச்சிறப்பு உடையது. முதற் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சி ஆண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பெற்றது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அங்ஙனம் தெரிந்தெடுத்தவர்களுள் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியர் ஆயினர். பொறுப்பு 360 நாள்களுக்கு உரியது. அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வருதல் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் தாமும் தகுதியிழந்தார். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர்.

இவ்விதிகளை நோக்குமிடத்து, அவற்றை இயற்றியோர் மக்கள் அனைவரும் நல்லோர் என்று நம்பி இயற்றினர் எனக் கூறுதற்கில்லை. நல்லோரும் பொறுப்பு நீடிப்பின் தளர்வர், தன்னலம் கொள்வர் என்னும் அச்சமே அவ்விதிகளில் வெளிப்படுகின்றது. ஆகலின், தனியொருவர் நல்லொழுக்கத்தை நம்பி ஏரியை விட்டுவிடாமல், அவ்வொழுக்கம் தவறாமைக்குரிய வேலியையும் அவர்கள் அமைத்தனர். கணக்குக் காட்டாதவன் குற்றம் அவன் சுற்றத்தையும் தாக்கும் என்னும் விதி, ஒருவர் செயலை அவருடைய உறவினர் அனைவரும் கண்காணிக்கச் செய்தது. தனியொருவரைச் சமுதாயத்தோடு பிணைத்த கண்ணிகளுள் இஃது ஒன்று.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. வீரநாராயணன் என்னும் பெயரும் உடைய அதே பராந்தகன் காலத்தில் எழுந்ததே வீரநாராயணன் ஏரி. இன்று வீராணம் என வழங்குவது. பேரேரியை அரசன் அமைத்தான். ஆனால் ஊரேரியைக் காக்கும் விதியை ஊர்ச்சபை வகுத்தது. அரசின் ஆற்றலும் ஊராரின் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதற்கு ஒரே மன்னன் காலத்து இவ்விரு செய்திகளும் சான்றாகும்.

எனினும், உத்தரமேரூர்ச் சபையை இக்கால மக்களாட்சியாகப் போற்றிவிடுதல் பொருந்தாது. அது பிரமதேயத்துச் சபை. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையாரே அதன் வாரியங்களுக்கு உரியர். கல்வி மிக்கார்க்கு நிலத்தின் அளவில் தளர்வு இருந்தது. மண் சுமந்தவரும் பெண்டிரும் அக்குடத்தில் பெயர் பெறவில்லை. இக்குறை பிற்காலத்தில் எத்தகைய விளைவைத் தந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

குடிமராமத்தும் வண்டல் மண்ணும்

பிற்காலத்தில் ஊரார் கூடி ஏரிப்பணி செய்யும் வழக்கம் குடிமராமத்து என வழங்கிற்று. மழைக்காலத்திற்கு முன் வரத்துக்காலைச் செப்பனிடல், கரையின் பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பல், மதகடியில் தூர் எடுத்தல் ஆகியவற்றை ஆயக்கட்டினர் தத்தம் நிலத்தின் அளவிற்கு ஏற்ப ஆள் அனுப்பிச் செய்தனர். நீரைப் பங்கிடும் பொறுப்பு நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையன் எனப் பகுதிதோறும் வெவ்வேறு பெயர் பெற்ற ஊழியரிடம் இருந்தது. நீர் குறைந்த காலத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் முறைவைத்துப் பாய்ச்சுதல் அவர் கடமை. அறுவடையில் களத்துமேட்டில் அளக்கும் நெல்லில் ஒரு பங்கு அவர்க்குரியது. விளைச்சல் பெருகின் அவர் பங்கும் பெருகுமாகலின், கடைமடை வயல் காயாமற் காத்தல் அவர்க்கும் நலமாயிற்று.

இவ்வழக்கங்களுள் எம் ஆய்விற்கு மிக இன்றியமையாதது வண்டல் எடுத்தல் ஆகும். கோடையில் ஏரி வற்றியதும் உழவர் வண்டி பூட்டிச் சென்று, ஏரியின் அடியிற் படிந்த வண்டல் மண்ணை வெட்டித் தம் வயலில் கொட்டினர். மழைநீர் அடித்துக்கொணர்ந்த மண்ணும், தழையும், கால்நடைச் சாணமும் கலந்த அவ்வண்டல் வயலுக்கு நல்ல உரம். உழவர் வண்டி பூட்டியது ஏரியை ஆழமாக்க வேண்டும் என்னும் பொதுநல எண்ணத்தால் அன்று; தம் வயல் விளைய வேண்டும் என்னும் தன்னலத்தால். ஆயினும் ஒவ்வொரு வண்டி மண்ணும் வெளியேறுந்தோறும் ஏரி அவ்வளவிற்கு ஆழம் பெற்றது. தன் வயலுக்குச் செய்தது ஊர் ஏரிக்கும் ஆயிற்று.

இங்கேதான் நாம் தேடும் கண்ணி தெளிவாகத் தோன்றுகின்றது. தனியொருவர் செயல் பொதுமாற்றமாக ஆவதற்குப் பயன், கணக்கு என்னும் இரண்டும் வேண்டும். செய்பவர்க்கு அச்செயலால் கண்கூடான ஒரு பயன் இருத்தல் வேண்டும். வண்டல் அதற்குச் சான்று. செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது பலரறியத் தெரிதல் வேண்டும். வாரியக் கணக்கும் குடிமராமத்தில் வராத ஆளின் பெயரும் அதற்குச் சான்று. இவ்விரண்டும் உள்ளவழி, சிறப்பான நல்லொழுக்கம் இல்லாத எளிய மக்களின் அன்றாடச் செயல்களே பொதுநன்மையாகத் திரள்கின்றன. இவ்விரண்டும் அற்றவழி, நல்லோர் பலர் இருப்பினும் அவர்தம் நன்மை திரள்வதில்லை.

தளர்ச்சியின் காரணங்கள்

இனி, இவ்வேற்பாடு தளர்ந்தமைக்குக் காரணம் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் இரயத்துவாரி முறை பரவியபின், நன்செய் வரி ஒவ்வோர் உழவரிடமிருந்தும் நேரே அரசுக்குச் சென்றது. ஊர்ப்பொதுவாக விளைச்சலினின்று ஏரிக்கு ஒதுக்கும் வழக்கம் நலிந்தது. நீருக்காக அரசு வரி வாங்கும்போது ஏரியைப் பழுது பார்ப்பதும் அரசின் கடமையன்றோ என்னும் எண்ணம் உழவர் உள்ளத்தில் எழுந்தது இயல்பே. அரசோ குடிமராமத்தைப் பழைய வழக்கமாகவே எதிர்பார்த்தது. வழக்கம் தளரக் கண்டு 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஏரிக்கரை உடையும் நிலை நேரின் ஊராரைக் கட்டாயமாகப் பணிக்கு அழைக்கவும், வழக்கமான பணியைச் செய்யத் தவறியவரிடம் பணம் தண்டவும் அச்சட்டம் இடந்தந்தது. ஆயினும் குடிமராமத்து முன்போல் தழைக்கவில்லை. பயன் குன்றியபின் தண்டனை மட்டும் செயலைத் தூண்டாது என்பதற்கு இச்சட்டத்தின் வரலாறு நல்ல சான்று.

தளர்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. அதனை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. நிலம் உடையார் தம் பங்கிற்கு அனுப்பிய ஆள்கள் பெரும்பாலும் நிலமற்ற உழைப்பாளரே. நீர்க்கட்டியாகக் கரையில் இரவெல்லாம் விழித்தவரும் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே. அவர்கள் காத்த நீர் அவர்களுடைய வயலிற் பாயவில்லை. பாய்வதற்கு அவர்களிடம் வயல் இல்லை. தென்பாண்டி நாட்டுக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாசு என்னும் மானிடவியல் அறிஞர் 2003இல் வெளியிட்ட நூலில், ஏரி மேலாண்மை என்பது ஊரார் அனைவரும் சமமாகக் கூடிய தன்னாட்சியாக இருந்ததில்லை என்றும், அரசியல் அதிகாரத்தோடும் சாதிநிலையோடும் பின்னியதாகவே அது விளங்கியது என்றும் காட்டியுள்ளார். ஆகவே, கல்வியும் வேற்றுத் தொழிலும் கிட்டியபோது அவ்வூழியர் வழித்தோன்றல்கள் கரையை விட்டு நீங்கியதைக் குறை கூறுதல் அறமன்று. பயன் ஒருவர்க்கும் சுமை மற்றொருவர்க்கும் ஆக அமைந்த ஏற்பாடு, சுமப்பவர் விடுதலை பெறும் நாளில் உடைந்தே தீரும்.

கிணறு கொணர்ந்த மாற்றம்

தனியொருவர் செயல் சமுதாய மாற்றமாகத் திரளும் என்பதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. அதுவே கிணற்றுப் பாசனத்தின் பெருக்கம். 1950களுக்குப் பின் ஊர்தோறும் மின்சாரம் பரவியது. மின்விசை இறைப்பியும் பின்னர் ஆழ்துளைக் கிணறும் வந்தன. சிறு உழவர்க்கு 1984இலும், உழவர் அனைவர்க்கும் 1990இலும் பாசனத்திற்குரிய மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 இலட்சம் எக்டேராக இருந்த ஏரிப்பாசனப் பரப்பு, அந்நூற்றாண்டின் முடிவிற்குள் 6 இலட்சம் எக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. கிணற்றுப் பாசனமோ மாநிலத்தின் மொத்தப் பாசனப் பரப்பில் பாதிக்கு மேற்பட்டதாக வளர்ந்தது.

கிணறு தோண்டிய உழவரை யாரும் கூட்டம் கூட்டி அறிவுறுத்தவில்லை. உறுதிமொழி எடுக்கச் செய்யவில்லை. அவரவர் தம் நலங்கருதித் தனித்தனியே செய்த செயல் ஒன்றே நாட்டின் நீர்வாழ்வை ஒரு தலைமுறைக்குள் மாற்றிவிட்டது. கிணறு தனியுடைமை; அதன் நீருக்கு முறை காத்திருக்க வேண்டுவதில்லை; நீர்க்கட்டிக்கு நெல் அளக்க வேண்டுவதில்லை. பயன் உடனே கிட்டியது. கணக்கோ யாரிடமும் காட்டத் தேவையில்லை. கிணறு உடையவர் ஏரிப்பணியில் ஆர்வம் குன்றியதை ஏரிப்பாசனம் பற்றிய ஆய்வுகள் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளன. அவர்கள் பெரும்பாலும் ஊரில் வசதியும் செல்வாக்கும் உடையவர் ஆதலின், அவர்கள் விலகியபின் ஏரிக்காகக் கூடும் கூட்டம் வலுவிழந்தது. கிணறு இல்லாத ஏழை உழவரே வற்றிய ஏரியை நம்பி எஞ்சினர்.

இதிலுள்ள முரண்பாடு எண்ணத்தக்கது. ஏரியில் தேங்கிய நீர் நிலத்துள் இறங்கியே சுற்றியுள்ள கிணறுகளில் ஊறுகின்றது. ஏரியைக் கைவிட்ட கிணற்று உழவர் தம் கிணற்றின் ஊற்றுக்கண்ணையே கைவிட்டார் ஆயினர். நீர்மட்டம் தாழத் தாழக் கிணறு ஆழமாயிற்று. ஆழமாகத் தோண்டப் பொருள் இல்லாதவர் பாசனத்தை விட்டே நீங்கினர். இந்நிலையில் வேதியுரம் வந்து வண்டலின் தேவையையும் குறைத்தது. 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி ஏரி மண் எடுத்தற்கு அரசு இசைவு வேண்டியதாயிற்று. முன்பு இயல்பாக நிகழ்ந்த செயல் மனு எழுதிப் பெறும் சலுகையாக மாறியது. தூர் ஏறிய ஏரியிற் சீமைக் கருவேலம் அடர்ந்தது. நீர் நில்லாத இடம் யாருக்கும் உரியதன்று என்னும் எண்ணம் வளர, ஆக்கிரமிப்பும் வளர்ந்தது.

அண்மைக்கால முயற்சிகள்

தளர்ந்ததை மீண்டும் நிறுவ எழுந்த முயற்சிகளையும் இதே அளவுகோலால் அளந்து காணலாம். 2000இல் பாசன முறைகளை உழவர் தாமே மேலாண்மை செய்தற்குரிய சட்டமும், 2007இல் ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றுதற்குரிய சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்றன. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, 100 கோடி ரூபாயை முதற்கட்டமாக ஒதுக்கியது. ஆயக்கட்டு உழவர் சங்கங்களே பணியை மேற்கொள்ளலாம் என்றும், செலவில் பத்தில் ஒரு பங்கினைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அவர்கள் தரவேண்டும் என்றும் அது வகுத்தது. அதே ஆண்டில், உழவர் ஏரிவண்டலைக் கட்டணமின்றி எடுத்துச்செல்லுமாறு விதிகளும் தளர்த்தப்பெற்றன. இவற்றுள் பின்னதை யாம் பெரிதாகக் கருதுகின்றோம். பணம் ஒதுக்குதல் ஓராண்டுச் செயல். வண்டிக்கு வழிவிடுதல் பயன் என்னும் பழைய கண்ணியை மீண்டும் பூட்டுவது.

நகர வாழ்வினின்றும் ஒரு சான்று கூறலாம். 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பெற்றது. அதற்கு முன்பே தம் வீட்டுக் கூரைநீரை நிலத்துள் இறக்கி, அண்டை வீட்டார்க்கும் எடுத்துரைத்த தனிமாந்தர் சென்னையில் சிலர் இருந்தனர். அவர்தம் கிணறுகளில் நீர் ஊறியதைக் கண்டே பலர் நம்பினர். சட்டம் அச்சிலர் செயலைப் பலர் செயலாக்கியது. பின்னர் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நகரின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் அமைப்பினைக் கட்டியதோடு பலர் கடமை முடிந்தது எனக் கொண்டனர். வடிகட்டும் குழியில் மணல் அடைத்தது, குழாய் உடைந்தது, ஆண்டுதோறும் வந்து பார்த்துக் கணக்குக் கேட்பார் இலர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்நிலைகளும் ஏறத்தாழ வறண்டு நகரம் தவித்தபோது, அடைபட்ட அக்குழிகளை மக்கள் மீண்டும் தேடினர். கட்டியவர் நினைவிருக்கக் காப்பவர் மறைந்துவிடும் பழைய கதை நகரத்திலும் நிகழ்ந்தது.

இரு கொள்கைகள்

பொதுவளம் பற்றிய இக்காலக் கொள்கைகள் இரண்டினை இங்கு ஒப்பிட்டுக் காணல் பொருந்தும். காரெட் ஆர்டின் என்னும் உயிரியல் அறிஞர் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொதுமேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தம் ஆதாயம் கருதி ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவர். முடிவில் நிலம் அழியும் என்று வாதிட்டார். எலினார் ஆசுட்ரம் என்னும் அம்மையார் 1990இல் வெளியிட்ட நூலில், பல நாடுகளிலும் பாசனக் கால்வாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மக்கள் தாமே விதி வகுத்து நெடுங்காலம் காத்துள்ளமையைச் சான்றுகளோடு காட்டினார். தெளிவான எல்லை, பயனுக்கு ஏற்ற பங்களிப்பு, பயன்கொள்வோர்க்குப் பொறுப்புடைய கண்காணிப்பு, தவறுக்கேற்ப உயரும் தண்டனை ஆகியவை நிலைத்த ஏற்பாடுகளின் இயல்புகள் என்பது அவர் முடிபு. 2009இல் பொருளியலுக்குரிய நோபெல் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது.

தமிழக ஏரி வரலாறு இவ்விருவர் கூற்றிற்கும் இடந்தருகின்றது. கிணற்றின் பெருக்கத்தில் ஆர்டின் அஞ்சியது நிகழ்ந்தது. ஏரி வாரியத்திலும் வண்டல் எடுத்தலிலும் ஆசுட்ரம் கண்டது நிகழ்ந்தது. மக்கள் இயல்பு ஒன்றே. அவர்கள் நின்ற ஏற்பாடு வேறு. ஆயினும் அவ்வம்மையார் கூறிய இயல்புகளோடு நீதி என்னும் ஒன்றையும் எம் நாட்டு வரலாறு அழுத்தமாகச் சேர்க்கச் சொல்கின்றது. விதி வகுக்கும் அவையில் இடம்பெறாதவர் தோளில் விதியின் சுமை ஏறுமாயின், அவ்வேற்பாடு எத்துணை நுண்ணியதாயினும் நிலைத்தற்கு உரியதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தனியொருவர் ஒழுக்கத்தைச் சமுதாய மாற்றத்திற்கு வித்து என்றோ, அரசின் சட்டத்தை அதற்கு மாற்று என்றோ கொள்ளுதல் பொருந்தாது என்பது தெளிவாகும். வித்து முளைத்தற்கு வரப்பும் வாய்க்காலும் வேண்டும். செய்பவர்க்குப் பயனும், செய்தது பலரறியும் கணக்கும் சேர்ந்த ஏற்பாடே அவ்வரப்பும் வாய்க்காலும் ஆகும். அவை உள்ளவிடத்துத் தன் வயலுக்கு மண் எடுத்தவன் ஊர் ஏரியைக் காத்தான்; அவை அற்றவிடத்துத் தன் வயலுக்குக் கிணறு எடுத்தவன் ஊர் ஏரியை இழந்தான். இருவரும் நல்ல உழவரே.

ஆகவே, வளங்குன்றா வாழ்க்கையை மக்களிடம் பரப்ப விழைவோர், நீரைச் சிக்கனமாகச் செலவிடுக, மரம் நடுக என்று அறிவுறுத்துவதோடு நில்லாது, அங்ஙனம் செய்பவர்க்கு அச்செயல் எவ்வழியில் பயன் தருகின்றது, செய்யாதவரை யார் கேட்கின்றனர், விதி வகுக்கும் இடத்தில் உழைப்பவர்க்கு இடம் உண்டா என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். பழைய ஏரி வாரியத்தை அப்படியே மீட்க இயலாது, மீட்கவும் வேண்டா. அதன் கணக்கு நமக்கு வேண்டும். அதன் குடத்தில் அன்று இடம்பெறாத பெயர்களும் இன்று வேண்டும். நள்ளிரவு மழையில் கரைமேல் நின்ற காவலனுக்குக் காக்கும் நீரில் ஒரு பங்கும், அதனைப் பற்றிப் பேசும் அவையில் ஓர் இருக்கையும் கிடைக்குமாயின், கரை நிற்கும்.